நான் சொன்ன உயரங்கள்

டோர்ட்மண்ட்
15.07.2007

அன்புள்ள றீற்றாவுக்கு,

நீயும் மகள் கம்சனாவும் பேரனும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். நான் நடமாடுகிறேன். முழங்கால் நோவுக்குக் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். என்னைப் பற்றி அதற்கு மேல் எழுதினால் உண்மையாக இராது.

போன ஒக்டோபரில், கம்சனாவிடம் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் பெட்டியை நிறுக்கக் கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாய். "இஞ்சருங்கோ, நான் வருமட்டும் அந்தப் பூக்கண்டைப் பாப்பீங்களோ?" முப்பது வருசமாக நாற்பது நாற்பது பிள்ளைகளை மேய்த்தவன் ஒரு பூச்செடியைப் பார்க்கமாட்டேனோ என்றேன். "பிள்ளையள் வாய் திறந்து கேக்கும். அது கேக்காது" என்றாய். நம் மகனை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அன்றைக்குத்தான் உன் முகத்தில் கொஞ்சம் சிரிப்புத் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை இன்று எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை. அந்தக் கண்டு இப்போது இல்லை. நான்தான் பிடுங்கினேன்.

நவம்பர் இரண்டாம் திகதி, மரித்தோர் நாள். சேமக்காலைக்குப் போய் அவன் படுத்திருக்கும் இடத்தைத் துப்புரவாக்கினேன். நம் ஊரில் செய்வது போல ஒரு புல் விடாமல் பிடுங்கி, மெழுகுதிரி வைத்தேன். அதற்குப் பிறகும் கை ஓயவில்லை. அப்படியே பஸ் ஏறி நம் வாடகைத் தோட்டத்துக்குப் போனேன். பக்கத்துத் தோட்டக்காரி பிறவ் லேமன் பிளந்து கொடுத்த கிழங்கை அவன் சித்திரையில் நட்டதும், ஆவணியில் அது நம் தலைக்கு மேல் வளர்ந்ததும், அவன் நம்மை விட்டுப் போன கிழமையில் முதல் பூ விரிந்ததும் உனக்குத் தெரியும். இதழ்கள் கீழே தொங்க, நடுவில் பச்சைக் கூம்பு நிமிர்ந்து நிற்கும் அந்த மஞ்சள் பூ. அன்றைக்குத் தண்டெல்லாம் கறுத்துக் காய்ந்து நின்றது. செத்துவிட்டது என்று நினைத்தேன். நீ திரும்பி வந்து அந்தக் கோலத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். இழுக்க வரவில்லை. மண்வெட்டியால் கிளறி எடுத்தேன். வேரில் சுண்டுவிரல் நகம் அளவில் சிவந்த முனைகள் இருந்தன. ஏதோ பூஞ்சணம் என்று எண்ணிக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தேன்.

இஞ்சியையும் மஞ்சளையும் எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பேன். மேலே இலை காயும், கீழே கிழங்கு உறங்கும், அதை இறந்ததாக எண்ணாதே என்று நானே எழுதிப் போட்டிருக்கிறேன். அதே கையால்தான் அந்தச் சிவந்த முளைகளோடு பிடுங்கினேன்.

பங்குனியில் நீ போனில், "தம்பி சொன்னவன், குளிருக்கு மேலெல்லாம் செத்துப்போகும், வேர் கிடக்கும், வெயிலோட வருமெண்டு. வந்திட்டுதோ?" என்று கேட்டாய். அவன் அதை எனக்குச் சொல்லவில்லை. ஓம், வந்திட்டுது என்றேன். நீ கம்சனாவைக் கூப்பிட்டு அழுதழுது சொன்னது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாய். ஒரு சாண் என்றேன். முழங்கால் என்றேன். இடுப்பு என்றேன். சும்மா சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வேலியோரம் நின்று பிறவ் லேமனின் கண்டுக்கு அளவு நாடா பிடித்தேன். பொய்யிலும் அளவு பிழைக்கக் கூடாது என்ற வாத்தியார் புத்தி. ஒருநாள் அவ கண்டுவிட்டா. எல்லாவற்றையும் சொன்னேன். தன் கண்டில் ஒரு பாதியைப் பிளந்து வேலிக்கு மேலால் நீட்டினா. "அதே வேர்தானே, ஹேர் அல்பேர்ட். உங்கள் மனைவிக்கு வித்தியாசம் தெரியாது" என்றா. அதே குழியில் நட்டேன். இப்போது முழங்காலுக்கு வந்திருக்கிறது. இந்த வருசம் வெயில் காணாது, அதுதான் கட்டை என்று உன்னிடம் சொல்லலாம் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

ஆனால் போன ஞாயிறு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னாய். ஓகஸ்ட் பன்னிரண்டு. வந்த உடனே தோட்டத்துக்குப் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேணும் என்றாய். றீற்றா, நீ அந்தத் தண்டைத் தடவி என்ர பிள்ளை வைத்தது என்று சொல்ல, நான் பக்கத்தில் நிற்க ஏலாது.

இந்தப் பூவின் சொந்த இடமே கடலுக்கு அப்பால் நீ இருக்கும் பக்கம்தான் என்று பிறவ் லேமன் சொன்னா. கம்சனா வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காடாக நிற்கிறது என்று நீயும் சொன்னாய். அங்கே ஆயிரம் நிற்கும். உனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு நீ வராமல் விடலாம். கம்சனாவும் இருங்கோ அம்மா என்றுதான் சொல்லுவாள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவனுடைய அறைக் கதவு நீ சாத்தியபடியே இருக்கிறது. உள்ளே போக எனக்கும் ஏலவில்லை.

உன் கோபத்தை விட எனக்குப் பயம் வேறு ஒன்றில்தான். இத்தனை மாதமும் நாம் இலையைப் பற்றியும் நத்தையைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும்தான் பேசியிருக்கிறோம். பிள்ளை என்றோம், தம்பி என்றோம், அவன் என்றோம். பெயரைச் சொல்லவில்லை, நீயும் நானும். அந்தக் கண்டைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சு ஓடியது. இனி அதுவும் இல்லை. நீ வந்தால் இந்த வீட்டில் இரண்டு பேர் எதைப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுத் தோட்டத்தில் தனியே நின்று அவன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் தரம் சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் பாதி வந்தது. அதோடு கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று மட்டும் செய்து பார். இதைப் படிக்கிற அன்றைக்குச் சாப்பிட இருக்கும்போது, கம்சனாவுக்குக் கேட்கும்படி, சதீசன் என்று ஒரு தரம் சொல்.

உன்,
அல்பேர்ட்