தெரியாது என்றேன்

மே 21, புதன்.

இன்று மாலதி லண்டனிலிருந்து போன் செய்தாள். அரியலூர்க்காரி. பெரம்பலூரில் மைக்ரோபயாலஜி படித்தபோது என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவள். ஐஸ் இல்லாமலே கெடாத தடுப்பூசியை ஏழை நாடுகளே தயாரிக்க வழி தேடுகிறாளாம். நான் குன்னத்தில் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன்.

"ஏன்டி, கோடையில ஒங்க பக்கம் பெட்டி எவ்ளோ நேரம் தாங்குது? யாராச்சும் குறிச்சு வச்சிருக்காங்களா?"

நான்தான் குறித்து வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக, யாரும் கேட்காமலே, மணிக்கு மணி, ஒரு தனி நோட்டில்.

"தெரியலடி" என்றேன்.

"சரி விடு, ஒனக்கு எங்க தெரிஞ்சிருக்கப்போவுது" என்று சிரித்தாள்.

ஒரு நொடிகூட யோசிக்காமல் நம்பிவிட்டாள். அந்த நோட்டைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று அவள் பார்த்து எழுதிய என் அதே கையெழுத்து.