மாமாவின் டிரம்ஸைத் திருத்திய மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஓரளவாவது தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் குறை எதுவும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, பார்த்து எழுது, பையன் ஆசையாகச் செய்தது என்கிறார். ஆசையாகச் செய்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வேண்டுமென்றே செய்திருந்தால் ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

போன தடவை வந்தபோது உன்னிடம் ஒரு கேசட் கொடுத்தேன் அல்லவா, மாமா டிரம்ஸ் வாசிக்க, இப்போது பிளம்பராக இருக்கும் அவன் சிநேகிதன் பாட, இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்த 'அடைப்பு' குழுவின் ஒரே கேசட். இப்போது மாமா நடத்துகிற டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில், டயர் அடுக்கின் மேல் டேப் ரெக்கார்டரை வைத்து நானே பதிவு செய்தது. நாடா நைந்துபோவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுடா என்றுதான் கேட்டேன். ஏற்றிக் கொடு என்றால் ஏற்றிக் கொடுக்க வேண்டியதுதானே. நீ பாட்டைச் சீர்செய்கிற ஸ்டூடியோவில் பெரிய வேலை பார்க்கிறாய், தெரியும், பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் யார் உன்னை இதைச் சீர்செய்யச் சொன்னார்கள்?

மாமாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பியதை ஹாலில் உட்கார்ந்து போட்டோம். நீ சொன்னபடி அப்பா நல்ல ஸ்பீக்கரைத் தூசி தட்டி வைத்திருந்தார். எனக்கு இரண்டாவது வரியிலேயே சுருக்கென்றது. தெரிந்தவர் ஒருவர் புதிதாகப் பல்செட் கட்டிக்கொண்டு வந்து சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் கண்ணைத் திறந்து, நல்லா வாசிக்கிறான், யாருக்கா இது என்று என்னிடம் கேட்டான். நீதான்டா என்றேன். விளையாடாதக்கா என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், அதற்கப்புறம் சிரிக்கவில்லை. அப்பா எழுந்துபோய் ஸ்பீக்கரின் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கே அவன் உனக்குப் போன் செய்தான். நீயோ தலைகால் புரியாத சந்தோஷத்தில், மாமா நீங்க ஒவ்வொரு இடத்துலயும் முந்திப் போயிடுறீங்க, அதை மட்டும் இழுத்துப் பிடிச்சு அதது இடத்துல வச்சுட்டேன், இப்ப எல்லாருமே இப்படித்தான் பண்றாங்க என்று சொல்லியிருக்கிறாய். வேலை முடிந்து வந்து வாரக்கணக்கில் ஒவ்வொரு அடியாக நகர்த்தினாயாம். உன் உழைப்பைக் குறை சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டு, மெதுவா, மெதுவா என்று ஊருக்கெல்லாம் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவள் நான். நிதானத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், நிதானம் ஆகாத இடமும் உண்டு.

அது என்ன பாட்டு என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? மாமாவும் பிளம்பரும் அப்போது மில்லில் வேலை பார்த்தார்கள். சங்கு ஊதி முடிப்பதற்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் அரை நாள் கூலி போச்சு. அப்படி ஓடுகிற பாட்டு அது. மாமா முந்திக்கொண்டு போவான், பிளம்பர் மூச்சு வாங்க அவனைத் துரத்திக்கொண்டே பாடுவான், கடைசி வரியில் அவனுக்குக் குரலே இருக்காது, காற்றுதான் வரும். கேட்கிற எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளே போய்விடுவார்களா மாட்டார்களா என்று. நீ திருத்திய பிறகு எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டு சாவகாசமாக நடந்துபோய் வேலைக்குச் சேருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, யார் இல்லை என்றது.

அம்மாவுக்கு வயசாகிவிட்டது, புதுசு எதுவும் பிடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் அப்பாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே பங்க் என்கிற முரட்டு ராக் பாட்டைக் கட்டிக்கொண்டவள் நான். காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட், பாதி வார்த்தை இரைச்சலில் போய்விடும், என்ன பாட்டு என்று பிடிபடுவதற்குள் முடிந்தும் போய்விடும், உடனே திருப்பிப் போட்டுக் கேட்போம். அப்புறம் நீ வயிற்றில் இருந்தபோது கிட்டாரெல்லாம் சேறு மாதிரி கனத்து, தலை வாராத பையன்கள் அழுகிற குரலில் பாட வந்தார்கள், அவர்களையும் விடவில்லை. அப்புறம் கிட்டாரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத பெண்கள் மேடையேறிக் கத்தினார்களே, அதைக் காரில் சத்தமாக வைத்து ஒரு மாணவியையே இழந்தேன், அவள் திரும்பி வரவே இல்லை. இப்போது படுக்கையறையில் போனிலேயே பதிவு செய்கிற பிள்ளைகள். ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கும்போது காலிங்பெல் அடிக்கிறது, இருங்க வரேன் என்று கத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடுகிறாள். அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தலைமுடி மாறியது, உடுப்பு மாறியது, வேகம் மாறியது. நான் இத்தனை வருஷமும் நேசித்தது ஒன்றைத்தான். நன்றாக வாசிக்க வந்த பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. இதெல்லாம் நீயும் அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டதுதான். உனக்கு எதுவுமே ஒட்டவில்லையா?

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ அந்தப் பாட்டை ஊர் உலகம் கேட்கும்படி இணையத்தில் போட்டதும் பாராட்டு குவிந்தது. இசைவிழா நடத்துகிற ஆள் ஒருவர் பிளம்பரைத் தேடி வந்து, பழைய குழு அப்படியே மேடையேற வேண்டும் என்றார். மாமாவுக்கு முதலில் குஷிதான். போனில் டிக் டிக் என்று அடிக்கிற ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு கொட்டகையில் பயிற்சி செய்ய ஆரம்பித்தான். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். நீ திருத்தியதை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கிறான், முந்திவிடுகிறான், நிறுத்துகிறான், தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பிக்கிறான். என்னைப் பார்த்ததும், இத்தனை வருஷமா தப்பா வாசிச்சிருக்கேன், பக்கத்துலயே இருந்த, ஒரு வார்த்தை சொல்லலையேக்கா என்றான். தப்பு இல்லடா, அதுதான்டா பாட்டு என்று தொண்டை வறளச் சொன்னேன். நீ அக்கா, அப்படித்தான் சொல்லுவ, உன் பையன் அதுக்கே படிச்சவன் என்றுவிட்டான். நான் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறவில்லை.

போன வாரம் பிளம்பரிடம், அந்தப் பாட்டுல வாசிக்கிறானே, அவன மாதிரி எனக்கு வராது, வேற ஆளப் பாரு என்று சொல்லிவிட்டான். அவன் என்று சொன்னது யாரை என்று உனக்குப் புரிகிறதா? பிளம்பரும் வெட்கமில்லாமல் வேறொருவனைப் பிடித்துவிட்டான், நீ திருத்தியதை அச்சுப் பிசகாமல் வாசிக்கிறானாம். நான் பிளம்பரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கேசட்டை எதுவும் செய்யாமல் அப்படியே அனுப்பு. இணையத்தில் போட்டிருப்பதை எடு. மாமாவுக்கு நீயே போன் செய்து, திருத்தியது என் புத்தி, தப்பு உங்க கையில இல்ல மாமா என்று உன் வாயால் சொல்லு, என் வார்த்தை அங்கே எடுபடவில்லை. விழாவுக்கு முன்னால் சொல்லு, அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நேற்று மாமா வீட்டுக்கு வந்தான். அந்தப் புதுப் பையன் வாசிப்பதை நேரில் கேட்க வேண்டும் என்று டிக்கெட் வாங்கியிருக்கிறான், எனக்கும் சேர்த்து.

கண்ணை அடிக்கடி பரிசோதித்துக்கொள், விடிய விடியத் திரையைப் பார்க்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. இதை மனசாரத்தான் எழுதுகிறேன், கோபமும் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமாவின் அக்கா,
உன் அம்மாவும்தான்