உன் கணவனுக்கு நான் எழுதிய நற்சான்று

வென்ட்வேர்த்வில்லில் நம்மூர்ச் சாமான் கடையில் வறுத்த கறித்தூள் மணம் வந்ததும் நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நம் தமிழ்ச் சங்கத்து அங்கிள் ஒரு தாளை நீட்டினார். உன்னைக் கொன்ற உன் கணவனுக்கு நற்சான்றுக் கடிதம். பதினொரு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். எத்தனை வருடம் என்று நீதிபதி தீர்மானிப்பதுதான் பாக்கி. தமிழ்ப் பள்ளி விழாவுக்குக் கதிரை, மேசை தூக்கியவன், ஆத்திரத்தில் தவறிவிட்டான் என்று எழுதியிருந்தார்கள். ஆத்திரம் என்றதும் எந்த ஊர்ச் சட்டமும் கொஞ்சம் இளகிவிடுகிறது. செத்தவள் அவன் பெண்டாட்டி என்றால் இன்னும் கூடவே இளகுகிறது.

"போனவள் போயிட்டாள், பிள்ளை. இருக்கிறவனைப் பார்க்க வேணும்," என்றார் அங்கிள். "முந்தியும் நீர்தானே எழுதிக் குடுத்தனீர்? அதையும் கோர்ட்டில அவன்ர லோயர் காட்டப் போறார்."



ஓம், எழுதினேன். பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்ட மறுநாள், என் குசினியில் இருந்துகொண்டு நீ கேட்டாய். "அவர் நல்லவர் எண்டு ஒண்டு எழுதித் தாவன். அவரைப் பிடிச்சால் என்ர விசாவும் போயிடும்." உன் வலக்கை வீங்கியிருந்தது. இடக்கையால் தேநீர் கலக்கினாய். கண்டும் நான் கேட்கவில்லை. மென்மையான மனிதர், மனைவியை மதிப்பவர் என்று ஆங்கிலத்தில் அழகழகாக எழுதினேன். வாசித்துக் காட்டியபோது நீ சிரித்தாய். "இது ஆரடி? எனக்கு இவரைக் கட்டி வைச்சிருக்கலாமே!"

நானும் சேர்ந்து சிரித்தேனே, பாவி.

அங்கிளின் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரச தரப்பு வழக்கறிஞரிடம் போனேன். நான் எழுதியது பொய், அந்தக் கையை நான் பார்த்தேன் என்று சொன்னேன். அப்படியானால் ஏன் எழுதினீர்கள் என்று எல்லோர் முன்னும் கேட்பார்கள் என்றாள் அவள். கேட்கட்டும் என்றேன். சங்கத்தில் இப்போது என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் அவன் எனக்கு நேரே இருப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதை இரவிரவாகத் தாளில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அரை மணி நேரம் அவன் முன்னால் நிற்க எனக்கு இவ்வளவு பயம். நீ ஆறு வருடம் அவனுக்குச் சோறு போட்டாய்.