மூன்று மோட்டார் சைக்கிளும் ஒரு சோடி வோக்கி டோக்கியும்

வெள்ளிக்கிழமை, இரவு.

பின்னேரம் குசினியில் இருந்தவர்கள்: இவர், இவருடைய தம்பி ரவி, இவர்களோடு நெல் வியாபாரம் செய்யும் நசீர், நான்.

நாளை மூவரும் மூன்று மோட்டார் சைக்கிளில் கிளிவெட்டிக்குப் போகிறார்கள். போன முறை நசீருடையது வழியில் நின்றுபோக, முன்னால் போனவர்களுக்குத் தெரியவில்லை. அதற்காக ரவி கொழும்பிலிருந்து ஒரு சோடி வோக்கி டோக்கி வாங்கி வந்திருக்கிறான்.

"முன்னுக்குப் போறவரும் கடைசியா வாறவரும் ஓடியோடிக் கதைக்கலாம் அண்ணி. விளையாட்டுச் சாமான்தான்."

"சென்றியில மறிச்சுச் சோதிக்கிற ஆமிக்காரனுக்கு அதை நீர் விளங்கப்படுத்துவீரோ?" என்று கேட்டேன். " இயக்கப் பெடியள் எண்டு பிடிச்சு அதிலயே இருத்திப்போடுவான்."

சந்திக்குச் சந்தி நின்று, பின்னால் வருபவரைக் கண்டபிறகு போகலாமே என்றேன்.

"அப்ப மத்தியானச் சோறு இரவைக்குத்தான் தங்கச்சி," என்று நசீர் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் பொறுக்க ஏலவில்லை. பிடித்தால் முகாம் வாசலில் போய் நிற்கப்போவது நான்தானே?

அவர்கள் எழும்பியதும் இரண்டையும் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன். ஆனால் ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடினால் இங்கேயே அகப்படும். கிணற்றில் போட்டால் இவர் என்னோடு கதைக்கமாட்டார். கதைக்காவிட்டாலும் வீட்டில் இருப்பார்.

அம்மாளாச்சி, போடட்டோ? விடியமுதல் சொல்லு.