குதிரை வருஷம் முடியும் நாள்

2026 நவம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மகள் சிஹோ பிரசவத்துக்கு வந்துவிட்டாள். பெண் குழந்தை என்று ஸ்கேனிலேயே சொல்லிவிட்டார்களாம். செருப்பைக் கழற்றுவதற்குள் என் மாமியார் கேட்டது: "தேதி என்னடி சொன்னாங்க?"

"ஜனவரி பதினெட்டு, பாட்டி."

"அப்பாடா, ஆட்டு வருஷம். டிசம்பர்ல மட்டும் பெத்துத் தொலைச்சிடாதே. இந்த வீட்டுக்கு ஒரு குதிரை போதும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எண்பத்தாறு வயதிலும் அந்தப் பார்வை மட்டும் மங்கவில்லை.

எங்கள் கணக்கில் வருஷத்துக்கு ஒரு விலங்கு; இது குதிரை, அடுத்தது ஆடு. இதுவோ அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை. அதில் பிறந்த பெண் புருஷனை விழுங்குவாள் என்பார்கள். நான் பிறந்தது 1966 ஜனவரி 20. இந்த வருஷம் அது திரும்ப வந்திருக்கிறது.

நவம்பர் 10

"இந்தக் காலத்துல யாரும்மா இதெல்லாம் பாக்குறாங்க?" என்று சிரித்தாள் சிஹோ. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக: "முன்கூட்டியே பொறந்துடாதுல்ல?"

நவம்பர் 14, சனி

ஊர் மன்றத்தில் ஜோசியர் அடாச்சி பேசினார். "நம்ம இசுமோ ஊருக்கு ராசி உண்டா?" என்பது தலைப்பு. உண்டாம், பாம்பாம். நாட்டுக் கடவுள்கள் எல்லாம் நம் ஊருக்குக் கூட்டம் போட வரும்போது, முன்னால் கரையேறுவது கடல்பாம்புதானே என்றார். நம் பெரிய சாமி, வானத்திலிருந்து வந்தவர்கள் கேட்டதும் முழு நாட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, உயரமாக ஒரு வீடு மட்டும் போதும் என்று ஒதுங்கிக்கொண்டவர். "அந்தக் குணம்தான் நமக்கும். வேண்டாம்னு நேரா சொல்ல வாய் வராது. பேச்சை மாத்தி டீ குடிச்சிடுவோம்." எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொருவருக்காகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு "நெருப்புக் குதிரைங்க" என்றேன்.

"எந்த மாசம்மா?"

"ஜனவரி இருபது."

பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "அப்போ நீங்க குதிரையே இல்ல. ராசிக்கு வருஷம் பொறக்குறது பிப்ரவரி நாலு. அதுக்கு முன்னாடி பொறந்தா போன வருஷக் கணக்குதான். நீங்க பாம்பு."

வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன், கையில் இருந்தது அவருடைய குடை.

நவம்பர் 15

எழுத வரவில்லை.

மூன்று வரன்கள் தட்டிப்போயின. மூன்றும் பிறந்த வருஷம் கேட்டதோடு சரி. எய்ஜி மட்டும்தான், "குதிரைன்னா வேகமா ஓடும்ல, நல்லதுதானே" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நாற்பத்திரண்டு வயதில் அவருடைய லாரி பனியில் சறுக்கிக் கவிழ்ந்தது. சவம் வீட்டில் கிடக்க, அத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "குதிரை மிதிச்சிடுச்சு என் பிள்ளையை."

நானும் நம்பினேனே! இருபது வருஷமாக அவர் படத்துக்கு முன் சோறு வைக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேனே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இல்ல, இனி விடமாட்டேன். கிழவி முகத்துக்கு நேரா சொல்லிடப் போறேன்.

நவம்பர் 18, புதன்

இன்று கடவுள்கள் கரையேறினார்கள். இனி ஏழு நாள் ஊரில் சத்தம் கூடாது. நகம் வெட்டக் கூடாது, ஊசி எடுக்கக் கூடாது, அவர்கள் கூட்டம் கலைந்துவிடும். சரி, அவர்கள் போகட்டும், அப்புறம் சொல்கிறேன். அறுபது வருஷம் பொறுத்தவளுக்கு ஏழு நாளா பெரிசு?

காய்கறி நறுக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். "அத்தை, நான் குதிரை இல்லை." நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 22

ஐயோ.

பிப்ரவரி நாலு. குழந்தைக்கு ஜனவரி பதினெட்டு.

நான் பாம்பு என்றால் அது குதிரை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அதுதான் வருகிறது. எத்தனை தடவை எண்ணிவிட்டேன்! இது ஏன் அன்றைக்கே எனக்கு உறைக்கவில்லை?

நவம்பர் 26

கடவுள்கள் நேற்றே போய்விட்டார்கள்.

அத்தையே கேட்டார்: "என்னமோ சொல்ல வர்ற, சனாயே. மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுறியே, என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை. சோறு கொஞ்சம் குழைஞ்சுபோச்சு."

டிசம்பர் 30

சிஹோவுக்கு வலி. பொய் வலியாம், ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தை அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே, "ரெண்டே நாள், கண்ணு. ரெண்டே நாள் தாங்கிக்கோ" என்று அழுதார்.

இன்றைக்குப் பிறந்தாலும் ஒன்றாம் தேதி பிறந்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் சேர்ந்துதான் வேண்டிக்கொண்டேன். எதற்கு வேண்டினேன்? தெரியவில்லை.

2027 ஜனவரி 16

பிறந்துவிட்டாள். தலை நிறைய முடி. மூக்கு எய்ஜி மூக்கு.

ஜனவரி 27, புதன்

குடையை வாங்கிப்போக அடாச்சி வந்தார். உள்ளே கூப்பிடாமல் எப்படி அனுப்புவது? அத்தை விடவில்லை. குழந்தையை அவர் முன்னால் நீட்டி, "பதினாறாம் தேதி பொறந்தா. ஆடுதானே, ஜோசியரே?" என்றார்.

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் திறந்தது.

"ஆடுதாங்க," என்று நான் முந்திக்கொண்டேன். "இந்த வீட்டுக் குதிரை நான்தான். ஜனவரியில பொறந்த குதிரை."

அடாச்சி கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "டீ ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

பிப்ரவரி 4

குதிரை வருஷம் முடிந்து, இன்றுதான் ஆட்டு வருஷம் பிறக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

குழந்தை என் தோளில் தூங்கிவிட்டாள். பால் வாசனை. கால் மணி நேரம் இருக்கும்.

"ரொம்ப நேரம் வச்சிருக்காதே சனாயே," என்றார் அத்தை. கோபம் இல்லை, பரிவாகத்தான் சொன்னார். "உன் ராசி அவளுக்கு ஒட்டிக்கப்போகுது."

கொடுத்துவிட்டேன்.