பூனைக்காக ஒட்டிய டேப்

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. என் மேல இருக்கிற கோபத்தைச் சோத்து மேல காட்ட வேண்டாம்.

"வீட்லயே இருந்தும் எங்கம்மாவைக் கவனிக்கலையா?"ன்னு கேட்டீங்க. அத்தை விழுந்த ராத்திரி நான் சமையல்கட்டுல இருந்தேன். நடைவழியில லைட் எரிஞ்சுது, கொஞ்ச நேரத்துல அணைஞ்சுது. அத்தை ரூமுக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன். ஆள் அசைவு இல்லன்னா தானா அணையும்னு நீங்கதானே சொன்னீங்க?

அந்த லைட்டோட பேட்டரியை மாத்தி மாத்திப் பார்க்காதீங்க, அது நல்லாதான் இருக்கு. அத்தை விழுந்த இடத்துல இன்னிக்கு நானே படுத்துப் பார்த்தேன். கையை ஆட்டினேன், எரியல. பூனை போறப்பல்லாம் எரிஞ்சு பேட்டரி தீருதுன்னு, சென்சாரோட கீழ்ப்பாதியை மறைச்சுக் கறுப்பு டேப் ஒட்டினீங்களே, அதான். தரையில கிடக்கிறது பூனையா மனுஷியான்னு அதுக்கு என்ன தெரியும்?

டேப்பை உரிச்சுட்டேன். திரும்ப ஒட்டாதீங்க.

சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட. சாயங்காலம் கண்டிப்பா வாங்க. அங்க வந்து யார் தப்புன்னு ஆரம்பிக்காதீங்க.

பூனைக்குப் பால் வைங்க. அதை விரட்டாதீங்க, அது என்ன பண்ணும்.

இதைச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். வார்டுல லைட்டை அணைச்சா அத்தை யாரையும் கூப்பிடறதில்ல. "இருட்டா இருந்தா கையை ஆட்டும்மா, எரியும்"னு நீங்க பழக்கி விட்டீங்களே, அதே மாதிரி கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டே இருக்காங்க.