அம்மாவின் வலது கை

ஈப்போ,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. நடை தேறியிருக்கிறது, வலது கைதான் மடங்கியது மடங்கியபடியே. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தெரபிக்காரப் பிள்ளை சாந்தினி இரண்டு மாதமாக வருவதில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்று உன்னிடம் சொன்னது பொய். நான்தான் விரட்டிவிட்டேன். தைலமோ மெஷினோ கொண்டுவருவாள் என்று பார்த்தால், அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய் வெங்காயம் உரிக்கச் சொன்னாள், துணி மடிக்கச் சொன்னாள். மூன்றாவது வாரம் எங்களுக்குத் தேத்தண்ணி கலக்கச் சொன்னாள். அம்மாவின் கை நடுங்கிப் பால் டின் கவிழ்ந்து மேசையெல்லாம் வழிந்தது. நான் துடைக்க எழுந்தால், விடுங்க அங்கிள், ஆன்ட்டியே செய்யட்டும் லா, இதுதான் அவங்க கைக்கு மருந்து என்றாள். பக்கத்து வீட்டு ராமையா வேறு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. சீக்காளிய வேலை வாங்கவா உன்னை அனுப்புனாங்க, இனிமே வராதே என்று கத்திவிட்டேன்.

அன்றிலிருந்து ஊட்டுவது, தலை சீவுவது எல்லாம் நானே. ஒரு தம்ளரைக்கூட அவளைத் தூக்க விடவில்லை. ராணி மாதிரி வைத்திருப்பதாக எனக்குப் பெருமை, அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டதைக் கவனிக்கவில்லை. போன வாரம் கிளினிக்கில் டாக்டர் அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முன்னைவிட இறுகிப்போச்சே, வீட்டுல கைக்கு வேலையே கொடுக்கலையா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். மறுநாள் குளிப்பாட்டிவிட்டு நான் பொட்டு வைக்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் கையால வச்சிக்கிற அன்னிக்கு வச்சிக்கிறேன் என்றாள். இன்றோடு ஆறு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று சாந்தினியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வாரேன் அங்கிள், ஆனா கை பழைய மாதிரி வருமான்னு இப்ப சொல்ல முடியாது என்றாள். அம்மாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, நாற்பது வருஷத்தில் கேட்டுப் பழக்கமில்லை. டிசம்பரில் நீ வரும்போது அவள் கையிலிருந்து எதையும் ஓடிப்போய் வாங்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மன் உங்கள் இருவரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்துப் பதறாதே, ஏன் என்றும் அவளிடம் கேட்காதே. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சதாசிவம்